உப்புத்தண்ணீர் கொப்பளிப்பது பற்றி நாத்தனாருக்கு

மூங்கில்மலைத் தோட்டம்,
பத்தாம் நம்பர் லயம்,
உடப்புசல்லாவை.
மாசி மாதம், 1956.

நோட்டன் பிரிட்ஜில் இருக்கும் என் நாத்தனார் சௌபாக்கியவதி சண்முகவடிவுக்கு உன் மதினி பேச்சியம்மாள் எழுதிக்கொண்டது. இங்கே பனியும் மழையும் கோழியும் சுகம். நான் இருக்கிறேன். அங்கே நீயும் பொன்னையா அண்ணனும் பிள்ளைகளும் முருகன் புண்ணியத்தில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

உன் கடுதாசி கிடைத்தது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் மதினி, பிள்ளையில்லாத வீட்டில் ஒண்டியாகக் கிடக்காதீர்கள், எங்களோடு வந்து இருங்கள், பவர் அவுசில் கொடுத்த வீட்டில் இடமும் இருக்கிறது லைட்டும் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். நன்றாக யோசித்துவிட்டேன். வருகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை பஸ் ஏறுகிறேன். பொன்னையா அண்ணன் அட்டன் பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கட்டும், அந்த ஊரில் எனக்குத் திக்குத் தெரியாது. ஆனால் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாயே, அதைப் பற்றித்தான் உனக்கு விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. என் உடம்பு கெட்டுப்போகும் என்று நீ பயப்படுகிறாய். அது கெட மாட்டேன் என்கிறது. அதுதான் என் கஷ்டம்.

எல்லாம் உன் அண்ணன் செய்துவிட்டுப் போன வேலை. எங்களுக்குக் கல்யாணமான புதிதில் அவருக்கு மார்ச்சளி வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அப்போது இருந்த டிஸ்பென்சரி ஐயா, காலையில் உப்புத்தண்ணி கொப்பளி, வெந்நீர் குடி, கொஞ்சம் நட, நன்றாக மென்று தின், சாராயத்தைத் தொடாதே, நூறு வயசு இருப்பாய் என்று சொல்லி அனுப்பினார். மருந்து தீர்ந்துபோன நாளில் அவர் எல்லாருக்கும் இதைத்தான் சொல்வார். அதை நம்பினது உன் அண்ணன் ஒருத்தர்தான். அன்றையிலிருந்து விடியக்காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குத் தப்பு மேளம் அடிப்பதற்கு முந்தியே எழுந்து, அடுப்பு மூட்டி, தண்ணி ஓடுகிற பெரிய கான் ஓரத்தில் நின்று, கழுத்தை வானத்துக்குத் தூக்கிக் கொப்பளிப்பார். மெதுவாகக் கொப்பளித்தால் சளி கேட்காது என்பார். கொழுந்து லொறி மலையேற மாட்டாமல் உறுமுகிறதே, அந்த மாதிரி ஒரு சத்தம். நாய் குரைக்கும், ஒட்டி ஒட்டி இருக்கிற காம்பராக்களில் பிள்ளைகள் அழும், லயம் முழுக்கத் திட்டிக்கொண்டே எழுந்திருக்கும். அடுத்த காம்பரா பூரணியின் புருசன் மூக்கன் ஒருதரம் கங்காணியிடம் போய்ப் பிராது வைத்தான். அவன் தொண்டை, அவன் தண்ணி, நான் என்னடா செய்ய என்று கங்காணி அனுப்பிவிட்டார். கொப்பளித்து முடித்தால் முனியாண்டி கல் வரைக்கும் கையை வீசிக்கொண்டு நடை. அப்புறம் சாப்பாடு. வாயில் போட்டது தண்ணியாகிற வரைக்கும் மெல்ல வேண்டும், பேசக் கூடாது. எதிரே உட்கார்ந்து நான் மெல்கிறேனா என்று என் தாடையையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் எப்பவோ முழுங்கிவிட்டுச் சும்மா தாடையை ஆட்டிக்கொண்டிருப்பேன். பேச்சி, நீயும் நூறு வயசு இருப்படீன்னு சந்தோசப்படுவார்.

சாப்பிட்டதும் இடப்பக்கம் சாய்ந்து கொஞ்சம் படுக்க வேண்டும், அப்போது யாரும் எழுப்பக் கூடாது, எழுப்பினால் சீரணம் கெட்டுவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் படுத்தார். கோழி உள்ளே வந்தது, சத்தம் காட்டாமல் முந்தானையால் விரட்டினேன். பூரணி கொச்சிக்காய் கேட்டு வந்தாள், வாயில் விரல் வைத்துத் திருப்பி அனுப்பினேன். வெயில் வாசலை விட்டுப் போகிற வரைக்கும் அவர் எழுந்திருக்கவே இல்லை வடிவு. எல்லாம் ஒழுங்காகத்தான் செய்திருந்தார். இடப்பக்கம்தான் படுத்திருந்தார்.

நீ கருமாதிக்கு வந்துபோன பிறகு நடந்ததுதான் உனக்குத் தெரியாது. லயம் தூங்கிப்போச்சு. நம்ம லயம் பள்ளத்துக்கு இந்தப்பக்கம் இருக்கிறதா, பனி இறங்கினால் தப்புச் சத்தம் இங்கே வராது. இத்தனை வருசமாகத் தப்புக்குத்தான் எழுந்திருக்கிறோம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். எழுப்பினது உன் அண்ணன் தொண்டை. அவர் போனதும் ஒரு லயமே பெரட்டுக்குப் பிந்திப் போய் நின்றது. பிந்தி வந்தவங்களுக்கு இன்னைக்குப் பேர் இல்லை, வேலை இல்லை, வீட்டுக்குப் போங்கன்னு கணக்கப்பிள்ளை விரட்டிவிட்டார். மறுநாளும் அதே கதை. மூக்கன் கந்தப்பளைக்குப் போய் ஒரு சேவலை வாங்கி வந்து கட்டினான். அது மத்தியானம் கூவியது, விளக்கு வைக்கிற நேரம் கூவியது, விடியக்காலையில் மட்டும் இறக்கைக்குள் தலையை விட்டுக்கொண்டது. ஒரு வாரம் பார்த்துவிட்டுக் குழம்பு வைத்துவிட்டார்கள், எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது, நான் தொடவில்லை. பிறகு மூக்கன் தானே கான் ஓரத்தில் நின்று கொப்பளித்துப் பார்த்தான். தண்ணி மூக்குக்குள் ஏறி, கண் சொருகி, நாலு பேர் சேர்ந்து முதுகில் குத்த வேண்டியதாகிவிட்டது. அன்றைக்கு லயம் எழுந்தது வாஸ்தவம், ஆனால் அவனைத் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனதில் மறுபடி பெரட்டு போச்சு.

அன்றைக்குச் சாயந்தரம் பூரணி என் காம்பராவுக்கு வந்தாள். "நீங்க கொப்பளிச்சா என்னக்கா?" என்றாள். தாலி அறுத்தவள் என்று, ஆட்கள் மலைக்குப் போகிற நேரத்தில் நான் வாசல் பக்கமே வராமல் இருந்தேன். எதிரே யாராவது வந்தால் ஒதுங்கி நின்றேன். விடிந்ததும் முதல் சத்தமாக என் சத்தத்தையா கேட்கணும், நல்லா இருக்குமாடீன்னு கேட்டேன். அவள் சொல்கிறாள், "அண்ணன் தாலி கட்டுனது கழுத்துக்கு வெளியிலதானேக்கா. உள்ள இருக்கிற தொண்டை அப்படியேதானே இருக்கு." அந்தப் பிறவிக்கு வாய் எப்போதும் அப்படித்தான். எனக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்துவிட்டது. அவர் போன பிறகு முதல்தரம் சிரித்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் எழுந்து கொப்பளித்தேன். கோழி தண்ணி குடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. பூரணி வீட்டுக்கு மட்டும்தான் கேட்டதாம். சாயந்தரம் தண்ணி பிடிக்கிற பீலிக்கரையில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அண்ணாந்து பாருங்க என்றாள் ஒருத்தி, தண்ணியைக் குறைச்சு ஊத்துங்க என்றாள் இன்னொருத்தி, மூக்கனும் வந்து எனக்குக் கொப்பளிக்கச் சொல்லித் தந்தான், அவனைப் பார்த்துக் கற்றுக்கொண்டால் நானும் டிஸ்பென்சரிக்குத்தான் போக வேண்டும். விக்கல் வந்து, புரை ஏறி, ஒருவழியாக லொறி சத்தம் எனக்கும் வந்துவிட்டது. பெரட்டுக்குப் பிந்துவது நின்றது. ஆனால் வடிவு, ஒன்றைத் தொட்டால் மற்றது ஒவ்வொன்றாகக் கூட வருகிறது. கொப்பளிக்க வெந்நீர் போட்டால் மிச்சத்தைக் குடிக்கத்தானே வேண்டும். குடித்தால் சும்மா நிற்கக் குளிர்கிறது, முனியாண்டி கல் வரைக்கும் நடந்துவிட்டு வருகிறேன். கை தானாக வீசுகிறது. முட்டிவலி போச்சு. பசிக்கிறது. போன மாசம் எல்லாரையும் சோதித்த புது டிஸ்பென்சரி ஐயா என் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, கிழவி, நீ தொண்ணூறு வரைக்கும் சாக மாட்டாய் என்று பாராட்டினார். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

வெட்கமாக இருக்கிறது. பாடுபட்டது முழுக்க அவர், பலன் எனக்கு வந்து சேருகிறது. அவருக்குச் சேர வேண்டிய வயசையும் சேர்த்து நான் தின்றுகொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது. தொண்ணூறு வரைக்கும் இந்தக் காம்பராவில் நான் என்ன செய்வேன்? இப்போது நான் நிசமாகவே மெல்கிறேன் வடிவு. பார்க்க ஆள் இருந்த நாளில் ஏமாற்றினேன், இப்போது பார்க்க ஆள் இல்லை, மென்றுகொண்டே எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், சோறு ஆறிப்போகிறது. அதனால்தான் வருகிறேன் என்கிறேன். உங்கள் வீட்டில் பிள்ளைகள் சத்தம் இருக்கும். நான் யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. தோட்டத்து ஆள் கணக்குச் செக்ரோலில் பேரை வெட்டச் சொல்லி வியாழக்கிழமை கங்காணியிடம் சொல்லிக்கொள்வேன். லயத்தில் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் பூரணி விட மாட்டாள்.

உன் பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் வளர வேண்டும், பொன்னையா அண்ணனுக்குக் கரண்ட் வேலையில் ஒரு ஆபத்தும் வராமல் முனியாண்டி காக்க வேண்டும், நீ பூவும் பொட்டுமாக நெடுங்காலம் இருக்க வேண்டும். எழுத்துப் பிழையைப் பொறுத்துக்கொள். மற்றதை நேரில் பேசிக்கொள்வோம்.

இப்படிக்கு,
உன் மதினி
பேச்சியம்மாள்

பின்குறிப்பு: தப்பால்காரரிடம் இதைக் கொடுப்பதற்கு முந்தி இன்னும் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது. நான் போன பிறகு லயம் எப்படி எழுந்திருக்கும் என்று பார்க்க இன்றைக்குக் காலையில் வேணும்னே எழுந்திருக்காமல் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். பனியில் ஒரு சத்தமும் இல்லை. சரி, தூங்கிப்போனார்கள் என்று நினைத்தேன். அப்போது சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ கொப்பளிக்கிற சத்தம். பூரணி. கேட்கச் சகிக்கவில்லை. நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். அதற்கு அடுத்த காம்பராவில் ஒரு சத்தம், அதற்கு அடுத்ததில் ஒன்று, லயத்துத் தொங்கலில் இருக்கிற கடைசிக் காம்பரா வரைக்கும் போச்சு. மூக்கனுக்கு மறுபடி புரை ஏறி முதுகில் குத்துகிறதும் கேட்டது. பிறகு லயமே சத்தமில்லாமல் நின்றது. எனக்குத் தாங்கவில்லை, எழுந்து ஓடிப்போய்க் கான் ஓரத்தில் நின்று வெறும் பச்சைத்தண்ணியில் கொப்பளித்தேன். அப்புறம்தான் எல்லாக் கதவும் திறந்தது. ஏன்டி, முழிச்சுக்கிட்டேவா கிடந்தீங்கன்னு பூரணியைக் கேட்டேன். "அதெல்லாம் இப்பப் பழகிப்போச்சுக்கா, அந்த நேரத்துக்குத் தானா முழிச்சிருவோம். இன்னைக்கும் நீங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சாத்தான் எந்திரிக்க மனசு வருது" என்றாள். சொல்லிவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு கூடையை எடுக்கப் போய்விட்டாள்.

ஆகையால் பொன்னையா அண்ணன் வெள்ளிக்கிழமை அட்டனில் வந்து நிற்க வேண்டாம். மேலே எழுதினதெல்லாம் நிசம்தான், வருகிறது மட்டும் இல்லை. பங்குனி உத்திரத்துக்கு நீ இங்கே வா. வரும்போது கல்லுப்பு கொண்டு வா, இங்கே லயமே கொப்பளிக்க ஆரம்பித்தால் கட்டுப்படியாகாது. வந்தால் ஒரு வேளைச் சோற்றுக்கு என் எதிரே உட்கார். ஒன்றும் பேச வேண்டாம். நான் மெல்கிறேனா என்று பார்க்க ஒரு ஆள் வேணும்.