நானூறு வாட் கோரிக்கை

வீட்டு நிர்வாகத்திடம் இந்த முறை தோற்பதில்லை என்று முருகானந்தம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தீர்மானம் போட்டார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கூட்டத்தில் அவர் ஒருவர்தான் இருந்தார்.

பேருந்துப் பணிமனையில் முப்பத்திரண்டு வருடம் எலக்ட்ரீஷியன். அதில் இருபத்தாறு வருடம் சங்கச் செயலாளர். அவர் வாயிற்கூட்டத்தில் பேச ஆரம்பித்தால் மேலாளர் அறை ஜன்னலைச் சாத்துவார்கள். இரண்டு முறை தற்காலிக நீக்கம், மூன்று முறை சிறை, பதினோரு நாள் உண்ணாவிரதம். அவர் வாங்கிக் கொடுத்த சலுகைகளை இன்று அனுபவிக்கிறவர்களுக்கு அவர் பெயர் தெரியாது. அதைப் பற்றி அவரிடமே கேட்கலாம். அரை நாள் ஒதுக்கிக்கொண்டு போக வேண்டும்.

ஓய்வு பெற்றதும் மற்றவர்கள் மனை வாங்கினார்கள். இவர் கடல் வாங்கினார். எருமப்பட்டிக்குப் பக்கத்தில், கடற்கரையிலிருந்து இருநூறு கிலோமீட்டர் உள்ளே, மனைவி சரிதாவின் கோழிப்பண்ணையை ஒட்டிய வீட்டின் கூடத்தில், மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி. அதில் பாக்கெட் உப்பைக் கரைத்துச் செய்த கடல்நீர். பாறை இடுக்கில் மென்பவளம் நாலு கொத்து. கல்பவளம் வைக்கச் சட்டம் இடம் கொடுக்காது. சட்டத்தை மீறுவதென்றால் அவர் பதினான்கு நாள் முன்னால் நோட்டீஸ் கொடுத்துவிட்டுத்தான் மீறுவார். நடுவில் ஒரு கடல் சாமந்தி. அதன் விரல்களுக்குள் புரண்டுகொண்டு ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோமாளி மீன்.

பிரச்சினை சாமந்திக்குத்தான். அது வெளிச்சத்தைத் தின்று வாழ்கிற பிராணி. தலைக்கு மேலே இருந்ததோ இரண்டு டியூப் லைட். ஒரு மாதமாக அது சுருங்கி, வெளுத்து, வெளிச்சம் தேடிக் கண்ணாடியில் அங்குலம் அங்குலமாக ஏறிக்கொண்டிருந்தது. சேலத்தில் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கும் வளவன் போனில் படத்தைப் பார்த்துவிட்டு, "இன்னும் பத்து நாளுங்க சார். அப்புறம் கரைஞ்சிரும்" என்று சொல்லிவிட்டார்.

மருந்து முருகானந்தத்துக்குத் தெரியும். மெட்டல் ஹாலைடு விளக்கு, இருநூற்றைம்பது வாட். பல்பு பதினாலாயிரம் கெல்வின். நீலம் கலந்த வெள்ளை. அதற்கு இரும்புச் சோக்கு. இப்போது எல்லோரும் எல்.இ.டி. என்கிறார்கள். எடையில்லாத சாமானை அவர் நம்புவதில்லை. சோக்கு என்றால் நாலு கிலோ இருக்க வேண்டும். உறும வேண்டும். தொட்டால் சுட வேண்டும். பணிமனையில் அவர் மாட்டிய சோக்குகள் ஏழு மேலாளர்களை வழியனுப்பி வைத்தவை.

ஆனால் அந்த வீட்டில் சரிதாவின் சம்மதம் இல்லாமல் ஒரு பிளக் பாயிண்ட் இடம் மாறாது. பண்ணை அவருடையது. வீடு அவருடையது. மின் இணைப்பு அவர் பெயரில். ஆறாயிரம் கோழிகளுக்கு எத்தனை மணிக்கு விளக்கு எரிய வேண்டும், எத்தனை மணிக்கு அணைய வேண்டும் என்று சொல்கிறவர் அவர். கோழிகள் மறுபேச்சில்லாமல் முட்டையிட்டன. அங்கே சங்கம் கிடையாது.

முருகானந்தம் திட்டத்தோடு பக்கத்துத் தோட்டத்துக்குப் போனார். அங்கே இருந்தவர் சின்னண்ணன். பழைய சங்கப் பொருளாளர்.

"சரிதாகிட்ட ரெண்டு நானூறு வாட்டு லைட்டு கேக்கப் போறேன்."

"ஏனுங்ணா, உங்களுக்கு வேண்டியது ஒரு இருநூத்தம்பதுதானுங்களே? அதையே கேளுங்க."

"நீ கடைசி வரைக்கும் பொருளாளராவே இருந்து ஓய்வு வாங்குனது எதனாலன்னு இப்பத் தெரியுதா? ரெண்டு ஜோடி காக்கி வேணும்னப்ப எத்தனை கேட்டோம்?"

"நாலுங்ணா."

"எத்தனை குடுத்தாங்க?"

"ஒண்ணரைங்ணா. ரெண்டாவது ஜோடியில பேண்ட் மட்டுந்தான் வந்துச்சு."

"தத்துவத்தைப் பாரு, பேண்டைப் பாக்காதே. அவ முடியாதும்பா. நான் ஒண்ணுக்கு இறங்குவேன். அதுக்கும் முடியாதும்பா. பெரிய மனசு பண்ணி இருநூத்தம்பதுக்கு இறங்குவேன். நிர்வாகத்துக்குச் செயிச்ச சந்தோசம். நமக்கு லைட்டு."

அன்று சாயங்காலமே மனு தயாரானது. கோரிக்கை ஒன்று: நானூறு வாட் விளக்கு இரண்டு, இரும்புச் சோக்குடன். கோரிக்கை இரண்டு: மின்வெட்டின்போது ஜெனரேட்டரில் கோழிகளுக்கு முன்னால் தொட்டிக்கு முன்னுரிமை. கோரிக்கை மூன்று: மேற்கண்டவற்றை ஏற்காவிடில் விளையும் தொழில் அமைதியின்மைக்கு நிர்வாகமே பொறுப்பு. மூன்றாவது கோரிக்கையே அல்ல. இருந்தாலும் அது இல்லாமல் அவர் எந்த மனுவையும் முடித்ததில்லை.

சரிதா விரிசல் விட்ட முட்டைகளைத் தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு மனுவை வாங்கினார்.

"ஏனுங்க, இது ஆருக்கு எழுதுனது?"

"நிர்வாகத்துக்கு."

"நிர்வாகம்னா நானுங்களா?"

"வேற ஆரு இருக்கா இங்க?"

"நிர்வாகம் நீங்கதான்னுல்ல இத்தனை வருசமா ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கீங்க."

நிதானமாகப் படித்தார். மடித்தார். மடிப்பின் மேல் ஒரு கையெழுத்துப் போட்டார்.

"சரிங்க."

"எது சரி?"

"எல்லாந்தானுங்க. கேட்டதெல்லாம் ஒத்துக்கிட்டேன்."

நாற்பது நிமிடப் பேச்சு தொண்டையில் தயாராக நின்றது. அதற்கு இனி வேலையில்லை. இருபத்தாறு வருடத்தில் எந்த நிர்வாகமும் முதல் மனுவுக்குச் சரி என்று சொன்னதை அவர் கண்டதில்லை. எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொள்கிற நிர்வாகம் ஆலையை மூடப் போகிறது என்று அவரே துண்டறிக்கை அடித்திருக்கிறார்.

"நீ சரியாப் படிக்கல, புள்ள. நானூறு வாட்டு. ரெண்டு."

"படிச்சனுங்க. இரும்புச் சோக்கு. அதும் ரெண்டு."

"சூடு பயங்கரமா இருக்கும்."

"இருந்துட்டுப் போகட்டுங்க. வாயில்லாச் சீவன்."

"கரண்டு பில்லு எகிறும்."

"அது நிர்வாகத்தோட தலைவலிங்க. தொழிலாளி எதுக்கு வெசனப்படறீங்க?"

சொல்லிக்கொண்டே போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். திரும்பி வந்து, "வளவன்கிட்டச் சொல்லிப்போட்டனுங்க. ரெண்டு நானூறு குடோன்ல கெடக்குதாம். சனிக்கிழமை கையில இருக்கும்" என்றார்.

முருகானந்தம் தொட்டியைப் பார்த்தார். சித்திரை மாதம். இருநூறு லிட்டர் தண்ணீருக்கு மேலே எண்ணூறு வாட் தீ. முதல் நாள் மத்தியானத்துக்குள் கடல் ரசமாகிவிடும். சாமந்தி வெந்துவிடும். கோமாளி மீன் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஆகும். கரண்டு போனால் ஜெனரேட்டர் தொட்டிக்குப் போய், கோழிக் கொட்டகை மின்விசிறிகள் நிற்கும். இந்த வெயிலுக்கு ஆறாயிரம் கோழிகள் படுத்துவிடும். அவர் வாழ்க்கையில் கிடைத்த முதல் முழு வெற்றி அது. அதில் யாருமே உயிரோடு மிஞ்ச மாட்டார்கள் போலிருந்தது.

சின்னண்ணன் செய்தி கேட்டுப் பூரித்துப்போனார்.

"அடேங்கப்பா! நூத்துக்கு நூறுங்ணா! மாலைக்குச் சொல்லட்டுங்களா?"

"வாயை மூடு."

"பட்டாசு?"

"மூடுன்னேன்."

முருகானந்தம் தனியாகப் போய் வளவனுக்குப் போன் போட்டார். "ஏப்பா, அந்த நானூறு சோக்குல இருநூத்தம்பது பல்பை மாட்டிக்கலாமா?"

"எலக்ட்ரீஷியனா இருந்துட்டு நீங்களே கேக்கறீங்களே சார்? சோக்கு எத்தனை வாட்டோ அத்தனை வாட்டு பல்புதான் போடணும். இல்லாட்டிப் பல்பு வெடிச்சிரும்."

"தெரியும், தெரியும். உனக்குத் தெரியுமான்னு பாத்தேன். அப்ப சோக்கையே இருநூத்தம்பதா மாத்தி அனுப்பு."

"அய்யய்யோ! வாட்டு கொறஞ்சா சார் போராட்டத்துல எறங்கிருவாருன்னு அம்மா கண்டிசனாச் சொல்லிட்டாங்க சார்."

வெள்ளிக்கிழமை வரை அவர் வாயைத் திறக்கவில்லை. சாமந்தி கண்ணாடியில் இன்னும் மூன்று அங்குலம் ஏறியிருந்தது. அன்று சாயங்காலம் சரிதா கொட்டகையிலிருந்து வந்து காபி போட்டுக் கொடுத்தபோது ஆரம்பித்தார்.

"கோரிக்கையைச் சித்தெ தளர்த்திக்கலாம்னு ரோசனை பண்றேன்."

"அய்யோ வேண்டாமுங்க. வெச்ச கோரிக்கையில ஓரடி பின்னால போறவன் தொழிலாளிக்குத் துரோகின்னு மேடையில எத்தனை தடவை பேசியிருக்கறீங்க?"

"அது மேடை."

"புருசன் கேட்டதைப் பொண்டாட்டி பாதியாக் கொறச்சுப்போட்டான்னு நாளைக்கு என்னையத்தானுங்க பேசுவாங்க."

"ஒண்ணு போதும்."

"ரெண்டுங்க."

"ஒண்ணு. இருநூத்தம்பது."

"ரெண்டு. நானூறு. கையெழுத்துப் போட்டுட்டேன். வாக்கு மாற மாட்டனுங்க."

தொழிற்சங்க வரலாற்றில் அப்படியொரு பேச்சுவார்த்தை நடந்திருக்காது. கேட்டவர் கீழே இழுக்கிறார். கொடுக்கிறவர் மேலே இழுக்கிறார். ஏதாவது விட்டுக் கொடுத்தால்தான் தன் கோரிக்கையைத் தானே குறைக்க முடியும் என்று முருகானந்தத்துக்குப் புரிந்தது.

"ஜெனரேட்டர் வேண்டாம். கோழிக்கே ஓட்டிக்கோ."

"மனசே வரலீங்க. சரி, நீங்க சொல்றதால ஒத்துக்கறேன். லைட்டு ரெண்டும் இருக்கட்டுங்க."

"வெள்ளென அஞ்சு மணிக்கு முட்டை பொறுக்க நான் வாரேன்."

சரிதா காபித் தம்ளரைக் கீழே வைத்தார். "ஞாயித்துக்கிழமையுமுங்களா?"

"ஞாயித்துக்கிழமையும்."

"அப்பன்னா ஒரு லைட்டைக் கொறச்சுக்கலாமுங்க."

"வாட்டு?"

"அதுக்கு வேற ஏதாச்சுஞ் சொல்லுங்க."

முருகானந்தம் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். உப்புத் தண்ணீர் தெறித்துத் தெறித்து டி.வி. ஸ்டாண்டின் கால் துருப்பிடித்திருந்தது. ஒரு வருடமாகத் தொட்டியைக் கூடத்தைவிட்டு எடுக்கச் சொல்லிச் சரிதா கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வருடமாக அவர் மறுத்துக்கொண்டிருந்தார். அவர் கையில் மிச்சமிருந்த கடைசி அரண் அது.

"தொட்டியைத் தீவன ரூமுக்கு மாத்திக்கறேன்."

"நெசமாலுமுங்களா?"

"நெசமா. ஆனா இருநூத்தம்பதுக்கு மேல ஒரு வாட்டு கூடாது!"

"சரிங்க. நீங்க இத்தனை புடிவாதமா இருக்கறப்ப நான் என்ன பண்றது?"

முருகானந்தம் நாற்காலியில் சாய்ந்தார். ஒன்று. இருநூற்றைம்பது. இரும்புச் சோக்கு. செவ்வாய்க்கிழமை சின்னண்ணனிடம் சொன்னது அப்படியே கையில் இருந்தது. வழி கொஞ்சம் சுற்றுவழியாகப் போய்விட்டது, அவ்வளவுதான்.

சரிதா தம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்தார். "ஒண்ணே ஒண்ணுங்க. தீவன ரூமுக்கு மேல தகரமில்லீங்களா? மத்தியானத்துல உள்ள நிக்க முடியாதே. அதுக்குள்ள அந்தச் சூட்டு லைட்டும் எரிஞ்சா உங்க பூவு தாங்குமுங்களா?"

முருகானந்தம் ஜன்னல் வழியாகத் தீவன அறையின் கூரையைப் பார்த்தார். முப்பத்திரண்டு வருடம் பணிமனைக் கூரை மேல் ஏறி இறங்கிய எலக்ட்ரீஷியனுக்குத் தகரத்தின் சூட்டை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"அங்க எல்.இ.டி. தான் சரிப்படும்" என்று ஒரு குரல் சொன்னது. அவருடைய குரல்தான்.

"உங்களுக்குத் தெரியாததுங்களா" என்று சரிதா அடுப்படிக்குப் போனார்.

மறுநாள் சனிக்கிழமை. வெயில் ஏறுவதற்கு முன்னால் தீவன அறையைப் பார்க்கப் போனார். தவிட்டு மூட்டைகள் ஓரமாக அடுக்கப்பட்டு, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, தகரத்துக்கு மேலே தென்னங்கீற்று பரப்பி, மூன்றடி நீளத்தில் ஒரு மேசை போட்டிருந்தது. மேசை மேல் பஸ்ஸில் வந்த பார்சல். இரண்டு சோக்கு, எட்டு கிலோ என்று நினைத்து மூச்சைப் பிடித்துத் தூக்கினார். கை இரண்டும் காற்றில் தலைக்கு மேலே போயின. உள்ளே நீலமும் வெள்ளையுமாகப் பொட்டுப் பொட்டாக எல்.இ.டி. பதித்த பலகை ஒன்று. பார்சல் சீட்டில் புதன்கிழமை தேதி.

வளவனுக்குப் போன் போட்டார். "குடோன்ல ரெண்டு நானூறு கெடக்குதுன்னியாமே?"

"அப்படியொண்ணை நான் கண்ணுல பாத்தே ஆறு வருசமாச்சு சார். ஆரு கேட்டாலும் அப்படிச் சொல்லுன்னு அம்மாதான் சொன்னாங்க."

ஒரு வாரத்தில் சாமந்தி கண்ணாடியைவிட்டு இறங்கி, பாறை நடுவில் கால் ஊன்றி, உள்ளங்கை அகலத்துக்கு விரிந்தது. வெளுப்புப் போய்ப் பழுப்பு ஏறியது. கோமாளி மீன் அதற்குள் போனால் ஒரு நிமிடத்துக்கு வெளியே தெரிவதில்லை. முருகானந்தம் அதை நின்று பார்க்க ஆசைப்பட்டார். முட்டைகள் விடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை சின்னண்ணன் வந்து தீவன அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். அறை முழுக்க நீல வெளிச்சம் ததும்பிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கொட்டகையிலிருந்து முட்டை அட்டைகளை மோவாய்வரை அடுக்கிச் சுமந்தபடி முருகானந்தம் வந்தார். தலையில் இரண்டு கோழி இறகு.

"தலைவரே! இந்த லைட்டு எப்படிங்ணா கெடச்சது?"

முருகானந்தத்தால் பேச முடியவில்லை. மோவாயை எடுத்தால் முட்டை விழும்.

பின்னால் வந்த சரிதா அவருக்காகப் பதில் சொன்னார்.

"உங்க அண்ணன் போராடி வாங்குனதுங்க."