சவப்பெட்டி தூக்கக் கற்றுக்கொடுத்தது குறித்து மச்சானுக்கு

மரியாதைக்குரிய மச்சான் ஹார்லன் அவர்களுக்கு,

ஒஹையோவிலிருந்து வென்டெல் பணிவுடன் எழுதுவது. எனக்கு உடம்பு மட்டும் நலம். தாங்களும் வீட்டாரும், கறவை மாடுகளும், பனியில் சிக்கிய டிராக்டரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். என் மனைவியும் தங்கள் தங்கையுமான மாவிஸ் அங்கே வந்து சேர்ந்திருப்பாள். இக்கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் அவள் காதில் விழும்படி உரக்கப் படிக்க வேண்டுகிறேன். அவள் எழுந்து பாத்திரம் கழுவப் போனால் இன்னும் கொஞ்சம் உரக்க.

என் பிழைப்பு தாங்கள் அறிந்ததுதான். அமெரிக்கக் கால்பந்தில் பந்தெறியும் குவார்ட்டர்பேக் பையனுக்கு முன்னால் வரிசையாக நிற்கிற ஐந்து தடியன்களுக்கு நான் பயிற்சியாளர். அவர்கள் பந்தைத் தொடுவதில்லை. எதிராளி அந்தப் பையன்மேல் விழாமல் தடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஒழுங்காகத் தடுத்தால் அவர்கள் பெயர் எவனுக்கும் தெரியாது, ஒருவன் சறுக்கினால் ஸ்டேடியம் முழுக்க அவன் குடும்பத்தையே இழுக்கும். அதையும் பொறுத்துக்கொள்ளலாம் மச்சான், ஆனால் அணி தோற்றால் தலைமைப் பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்புவார்கள், அவரோடு எங்களையும் வாரி வெளியே போடுவார்கள், அதுதான் இந்தத் தொழிலின் சம்பிரதாயம், அதனால்தான் நானும் மாவிஸும் கல்யாணம் ஆன நாளிலிருந்து ஊர் ஊராகப் பெட்டி கட்டுகிறோம். தங்கள் அம்மா கொடுத்த பீங்கான் தட்டுகள் ஒரு பெட்டியில் இருந்தன. அதை மாவிஸ் முன்பு இரண்டு ஊர்களில் திறந்தாள், இரண்டிலும் என் வேலை போயிற்று. பிறகு அது ஒட்டியது ஒட்டியபடியே எங்களோடு சுற்றிக்கொண்டிருந்தது. இந்த செப்டம்பரில் தொடர்ந்து ஜெயித்தோமா, எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. நானே பெட்டியைத் திறந்து தட்டுகளை அலமாரியில் அடுக்கிவிட்டு, "மாவிஸ், நமக்கு இனிமே இந்த ஊர்தான்" என்றேன். அவள் ஒட்டும் டேப்பை மட்டும் எடுத்துப் பத்திரமாக டிராயரில் வைத்தாள். அன்றோடு ஜெயிப்பது நின்றது. கடைசி ஆட்டத்துக்கு மறுநாள் திங்கட்கிழமை காலை எங்கள் தலைமைப் பயிற்சியாளர் கிரெய்டியை அனுப்பினார்கள். மத்தியானம் நானும் விசிலோடு கார் நிறுத்துமிடத்தில் நின்றேன்.

அதன்பிறகு வீட்டில் இருந்தேன். சும்மா இருந்தேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். கடை வரிசையில் ஒரு பாட்டியம்மாவை ஒருவன் தள்ளுவண்டியால் இடித்துக்கொண்டே இருந்தான். நான் குறுக்கே புகுந்து இடுப்பைத் தாழ்த்தி நின்றேன், அவ்வளவுதான் செய்தேன், அவன் உருளைக்கிழங்கு மூட்டைகளோடு போய் உட்கார்ந்துவிட்டான். அவன் அந்தப் பாட்டியம்மாவின் மகன் என்பது பிறகுதான் தெரிந்தது. இதைக்கூட மாவிஸ் பொறுத்துக்கொண்டாள். போன வாரம் பக்கத்து வீட்டு ஆஸ்கர் பெல்லமி காலமானார். சர்ச் படியெல்லாம் ஐஸ். சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரும் ஆளுக்கொரு பக்கம் வழுக்குகிறார்கள், பார்த்துக்கொண்டு என் வாய் சும்மா இருக்குமா?

"இடுப்பைத் தாழ்த்துங்க. முதல் அடி சின்னதா வைங்க. இடது பக்கம் நடுவுல நிக்கிற அண்ணே, நீங்க முந்தாதீங்க. நான் குரல் கொடுத்ததும் எல்லாரும் ஒண்ணா."

குரல் கொடுத்தேன். மச்சான், தொழில் செய்த இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு அழகான கிளம்பலை நான் பார்த்ததில்லை. பாதிரியார் புத்தகத்தைப் புரட்டுவதற்குள் ஆஸ்கர் வண்டியில் ஏறியாயிற்று. அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த மனுஷன் வாழ்நாள்ல எங்கயும் இவ்வளவு சீக்கிரம் கிளம்பினதில்ல தம்பி" என்றார். நான் பெருமையோடு திரும்பிப் பார்த்தேன். மாவிஸ் காரில் ஏறியிருந்தாள்.

"நான் அண்ணன் வீட்டுக்குப் போறேன்" என்றாள்.

"எத்தனை நாளைக்கு?"

"தெரியல வென்டெல்."

இன்னொரு தடவை பெட்டி கட்ட அவளுக்குத் தெம்பில்லை என்று எனக்கு அப்போது புரிந்தது. அது நியாயம்தானே. ஸ்டேடியத்தில் அத்தனை ஜனமும் பந்தைப் பார்க்கும், அவள் ஒருத்திதான் என் ஐந்து பேரைப் பார்ப்பாள். தோற்று வரும் நாளில் ஸ்கோரைப் பேசமாட்டாள், "நடுவுல நிக்கிறவனுக்கு முட்டி வலிக்குது போல, கேட்டீங்களா?" என்பாள். மறுநாள் கேட்டால் வலி உண்மையாக இருக்கும். அவள் இல்லாத வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை மச்சான். ஆகவே இத்தொழிலை இன்றோடு தலைமுழுகுகிறேன். இங்கே ஆணி, பெயின்ட் விற்கும் கடையில் வேலை தருகிறேன் என்கிறார்கள். பெட்டி கட்ட வேண்டாம், ஊர் மாற்ற வேண்டாம், வந்தால் போதும் என்று அவளிடம் சொல்லுங்கள்.

வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு அன்பு, மாடுகள் குறையில்லாமல் கறக்கட்டும்.

தங்கள் கீழ்ப்படிந்த
வென்டெல்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போன நேரத்தில் போன் வந்தது. விஸ்கான்சினிலிருந்து டெலூக்கா என்ற தலைமைப் பயிற்சியாளர்.

"எங்க தடுப்பு வரிசைக் கோச் ஓய்வு வாங்கிட்டார். நீங்க எப்ப வர்றீங்க?"

"நான் உங்ககிட்ட வேலையே கேக்கலையே."

"உங்க வீட்டம்மா கேட்டாங்க. போன ஞாயிறு எங்க ஆட்டத்தை அவங்க அண்ணன் வீட்டு டிவியில பார்த்தாங்களாம். பந்து நகர்றதுக்கு முன்னாடியே எங்க அஞ்சு பேர்ல இடது கார்டு குதிகாலைத் தூக்கிடறான், பந்து எப்ப கிளம்பும்னு எதிராளிக்கு அதுலயே தெரிஞ்சு போயிடுதுன்னாங்க. வீடியோ போட்டுப் பார்த்தோம். வருஷம் பூரா தூக்கியிருக்கான், எங்க ஒருத்தர் கண்ணுலயும் படல."

ஒட்டாத உறையைக் கீழே வைத்தேன். "வேற ஏதாவது சொன்னாளா?"

"ஊர் மாறுறது அவங்களுக்குப் பழக்கமாம். உங்களை வீட்டுல வச்சுக்கிறதுதான் முடியலையாம். அப்புறம், இங்க யாராவது செத்தா உங்களைக் கூப்பிடக் கூடாதாம்."

அந்தப் போன் தங்கள் வீட்டிலிருந்துதானே போயிருக்கும், ஒரு வார்த்தை எனக்குச் சொல்லியிருக்கலாம் மச்சான். ஆணிக் கடைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். தட்டுகளைக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் வைத்து, அவள் டிராயரில் வைத்திருந்த டேப்பாலேயே ஒட்டிவிட்டேன். மேலே எழுதியது எதையும் அவளுக்குப் படிக்க வேண்டாம். எந்த பஸ்ஸில் வருகிறாள் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். அவள் பெட்டியை நானே இறக்கிக்கொள்வேன், பஸ் நிலையத்தில் யாருக்கும் தூக்கச் சொல்லித்தர மாட்டேன்.