மூச்சு விடாத மோட்டார் சைக்கிள்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் அந்தப் பழைய கிடங்கின் முற்றத்தில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. அதிலும் சாதாரண வண்டிக்கு அனுமதியே இல்லை. கடல் கடந்து வந்த, அறுபது எழுபது வயதைத் தாண்டிய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்கள் மட்டும்தான். அவற்றின் சொந்தக்காரர்கள் பெற்ற பிள்ளையை மருத்துவரிடம் காட்ட வந்தவர்களைப் போல ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

உள்ளே இருந்தவர் மூச்சு மகான். எஞ்சினில் காதை வைப்பார். கண்ணை மூடுவார். அந்த வண்டியை முதன்முதலில் ஓட்டிய வெள்ளைக்காரரின் கடைசி மூச்சு எந்தப் பாகத்தில் அடைந்து கிடக்கிறது என்று சொல்லிவிடுவார். எல்லாமே கர்னல் மூச்சு, மேஜர் மூச்சு. ஒரு தபால்காரரின் மூச்சு தப்பித் தவறிக்கூட வந்ததில்லை.

நம் கதாநாயகர் பல்செட் செய்பவர். நான்கு வருடம் பாடுபட்டு ஐந்நூறு சிசி வண்டி ஒன்றைப் புதுப்பித்திருந்தார். பிஸ்டன் லேத்துப் பட்டறையில் கடைந்தது. டேங்க் தகரக்காரர் தட்டியது. சக்கரம் வேறொரு வண்டியுடையது. பழசு என்று சொல்ல அடிச்சட்டமும் எஞ்சின் கூடும் மட்டும்தான் மிச்சம். வண்டி ஓடும். ஆனால் எண்ணெய் ஒழுகும். நிறுத்துகிற இடத்திலெல்லாம் கீழே ஒரு தட்டு வைக்க வேண்டும்.

"அது ஒழுகல் இல்ல, அழுகை," என்றார் மகான். "உள்ளே ஒரு மேஜர் அழறாரு. நீ அவரைக் கேக்காம பிரிச்சுக் கோத்துட்டே."

பல்செட்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒவ்வொரு பாகத்தையும் மேஜரைக் கேட்காமல் மாற்றியவர் அவர்தானே.

அன்று உபதேசம் கேட்க எல்லோரும் கூடத்துக்குள் போனார்கள். முற்றத்தில் சீடர் ஒருவர் மட்டும் வெல்வெட் துணியால் வண்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து உதைத்தால் பல்செட்காரரின் வண்டி ஊமையாகிவிட்டது. பெட்ரோல் குழாயைப் பார்த்தார், திறந்துதான் இருந்தது. இருபது உதை உதைத்தார், பலனில்லை. மகான் கறுப்புப் பட்டுத் துணியை எஞ்சின்மேல் போர்த்தி, கையை உள்ளே விட்டு, என்னவோ முணுமுணுத்தார். அடுத்த உதையில் வண்டி உறுமியது. கூட்டம் கைகூப்பியது.

ஓட்டிக்கொண்டு வந்த வண்டி அங்கே நிறுத்தியதும் ஏன் செத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. பிழைத்ததை வியக்கவே நேரம் போதவில்லை.

மகான் காணிக்கை வாங்கிக்கொண்டு ஒரு புட்டி உயிர்த்தைலமும் ஒரு கட்டளையும் தந்தார். ஒரு வருடத்துக்கு வண்டியில் ஸ்பேனர் படக்கூடாது.

பல்செட்காரரின் மனைவி கடிகாரம் பழுது பார்ப்பவர். அரிசியைவிடச் சின்ன திருகாணிகளோடு பிழைப்பவர். ஒரு நாள் பின்னால் ஏறும்போது முன்பக்கம் குனிந்து பார்த்தார்.

"என்னங்க, பிரேக் கேபிள் நூல் நூலாப் பிரிஞ்சிருக்கு. மாத்துங்க."

"ஸ்பேனர் படக்கூடாதும்மா. மேஜர் கோவிச்சுக்குவாரு."

"மேஜருக்குப் பிரேக் வேணாமா?"

அவர் வண்டியை உதைத்துக் கிளப்பினார். மறு வாரம் பாலத்துச் சரிவில் கேபிள் அறுந்தது. வண்டி இறங்கிய வேகத்தில் நேரே ஒரு மெத்தைக் கடைக்குள் புகுந்தது. அவருக்குச் சிராய்ப்பு. மனைவிக்கு வலது மணிக்கட்டு பிசகி, ஒரு மாதம் கடை பூட்டிக் கிடந்தது.

"பாத்தியா, மேஜர்தான் நம்மைக் காப்பாத்திருக்காரு," என்றார் பல்செட்காரர், கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே. "சரியா மெத்தை இருக்கற இடமா..."

"மெத்தையை வெச்சது கடைக்காரர். கேபிளை மாத்தாதது நீங்க. இதுல மேஜர் எங்க வந்தாரு?"

கை சும்மா இருந்த ஒரு மாதமும் மனைவி கணவருடைய வண்டிப் புத்தகத்தைப் படித்தார். எஞ்சின் கிளம்ப பெட்ரோல், காற்று, தீப்பொறி வேண்டும். வண்டி ஊமையான அன்று பெட்ரோல் இருந்தது. காற்றை யாரும் ஒளித்து வைக்க முடியாது. மிச்சம் தீப்பொறி. அதைத் தருகிற பாயின்ட் ஒரு சின்ன மூடிக்குள் இருக்கிறது. மூடியைத் திறக்க ஸ்பேனர்கூட வேண்டாம், கம்பி ஸ்பிரிங்கை விரலால் தள்ளினால் போதும்.

கட்டுப் பிரித்த வாரம், புதுக் கேபிள் மாட்டாமல் வண்டியில் ஏறமாட்டேன் என்று நின்று, மாட்டவைத்தார். பிறகு பாயின்ட் மூடிக்கும் விளிம்புக்கும் குறுக்கே சிவப்பு நகப்பூச்சால் மயிரிழைக் கோடு ஒன்று போட்டுக் கணவருக்கும் காட்டினார். இருவரும் கிடங்குக்குப் போனார்கள். உபதேசம் முடிந்தது. வண்டி மறுபடியும் ஊமை.

"கோட்டைப் பாருங்க," என்றார் மனைவி.

கோடு இரண்டாக உடைந்திருந்தது. பல்செட்காரர் குனிந்து அதை விரலால் தடவிப் பார்த்தார்.

மகான் பட்டுத் துணியோடு வந்தார்.

"துணி இல்லாம பண்ணுங்க," என்றார் அந்த அம்மாள்.

"மூச்சுக்குக் கூச்சம் உண்டும்மா."

"மேஜருக்கா கூச்சம்? சரி, டேங்க் மேல மட்டும் கை வைங்க. எல்லாரும் பாக்கறோம்."

கூட்டம் நெருங்கி வந்தது. மகான் டேங்கில் கை வைத்து முணுமுணுத்தார். உதைத்தார்கள். ஒன்றும் இல்லை. இன்னும் உரக்க முணுமுணுத்தார். டேங்க் மட்டும் வியர்வையில் நனைந்தது.

"சந்தேகப்படறவங்க பக்கத்துல மூச்சு நிக்காது," என்றார்.

"அப்போ நான் கூப்பிட்டுப் பாக்கறேன்."

அவர் உருப்பெருக்கியைக் கண்ணில் மாட்டினார். மூடியைக் கழற்றினார். இடுக்கியால் பாயின்ட்டின் இரண்டு உலோக முனைகளுக்கு நடுவிலிருந்து ஒரு காகிதத் துண்டை உருவினார். தீப்பொறி வராமல் தடுக்க அது போதும். மகானின் சொந்தத் துண்டுப் பிரசுரத்திலிருந்து கிழித்தது. அதில் 'நம்பிக் கெட்' என்பதுவரை அச்சாகியிருந்தது. மிச்சம் 'டவர் இல்லை' அடுத்த வண்டியில் கிடைத்தது.

முதல் உதையில் வண்டி கிளம்பியது. மற்றவர்களும் தங்கள் மூடிகளைத் திறந்தார்கள். பதினோரு வண்டி, பதினோரு துண்டு. துடைக்கும் சீடர் வெல்வெட் துணியைப் போட்டுவிட்டுச் சுவர் ஏறினார். மகானுக்கு உடம்பு கனம், ஏற முடியவில்லை. போலீஸ் வரும்வரை உயிர்த்தைலப் பெட்டியின்மேல் உட்கார வைத்தார்கள். தைலம் வேறொன்றுமில்லை, வடிகட்டிய பழைய எஞ்சின் ஆயில்.

பல்செட்காரர் மனைவியின் மணிக்கட்டை மெல்லத் தொட்டார். "நான் அன்னிக்கே கேட்டிருக்கணும்," என்றார்.

"ஆமா, கேட்டிருக்கணும்," என்றார் அவர்.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் அடுத்த ஞாயிறு காலை கடிகாரக் கடை வாசலில் பதினைந்து பிரிட்டிஷ் வண்டிகள் வரிசையாக நின்றன. முன்னால் நின்றவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பணிவாகக் கேட்டார்.

"அக்கா, உங்க கைராசி பெரிசு. ஒரு தடவை எஞ்சினைத் தொட்டுக் குடுங்க, போதும்."

அந்த அம்மாள் உருப்பெருக்கியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"செருப்பை மாட்டிக்கங்க. எஞ்சின் மூடியைத் திறக்க நான் கத்துத் தரேன். மண்டை மூடியை அவங்கவங்கதான் திறக்கணும்."