மரத்தூள் புற்றும் மாப்பிள்ளையின் வேலையும்

சங்கரன்கோவில்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை சண்முகையாவுக்கு, அத்தான் வெள்ளத்துரை எழுதிக்கொண்டது. நானும் உன் அக்கா கோமதியம்மாளும் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும், இதைப் படித்து முடித்த பிறகும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன் வேலை போகவில்லை. மூச்சு விட்டுக்கொள். போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவாய் என்றுதான் தபாலில் எழுதுகிறேன்.

‘ஏழாம் பாதாளத்து இளவரசி’ படத்தை நான் பதினொரு தடவை பார்த்தவன் என்பது உனக்குத் தெரியும். பதினொன்றாவது தடவைக்குப் பிறகு உன் அக்கா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை என்பதும் தெரியும். அதன் இரண்டாம் பாகத்துக்கு வாசுதேவநல்லூர் மலையடியில் செட் போடுகிறார்கள், நாலு வருஷம் அலைந்து உனக்கு அதிலே தச்சு வேலை கிடைத்திருக்கிறது என்றதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நீ சாமான் எடுக்கச் சென்னைக்குப் போகும்போது செட்டுக்குள் போகிற உன் பாஸை என் கையில் கொடுத்து, “அத்தான், பாருங்க, ஆனா எதையும் தொடாதிய, என் பொழப்பு போயிரும்” என்றாய். நானும் தலையாட்டினேன்.

போனேன். அரண்மனை வாசலைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. பின்பக்கம் வெறும் பிளைவுட்டும் சவுக்குக் கம்புமாக நின்றதைப் பார்த்தபோதும் எனக்கு ஆசை குறையவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேதான் நடந்தேன், சத்தியமாக. அப்புறம்தான் அந்தப் புற்று. இளவரசி எழுந்து வருகிற அதே புற்று, ஆள் தோள் உயரம், நீ உன் கையால் கட்டியது. நம்ம ஊர்க்காரன் புற்றைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா? அம்மன் சந்நிதியில் அறுபது வருஷமாக, நோய் தீர்க்கும் பிரசாதம் என்று புற்றுமண் எடுத்த கை. அது பாட்டுக்குப் போய்க் கிள்ளி, நெற்றியில் இட்டு, கொஞ்சம் வாயிலும் போட்டு, உன் அக்காவுக்கென்று ஒரு பிடியைக் கைக்குட்டையில் முடிந்தும் விட்டது. நாக்கில் பசையும் பெயிண்டுமாகக் கசந்தபோதுதான் எனக்குப் புத்தி வந்தது. மரத்தூள்!

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. செட்டைக் கூட்டிப் பெருக்குகிற, நம்மை நன்றாகத் தெரிந்த கரிவலத்துக்காரி அன்னக்கிளி பார்த்துவிட்டாள். “என்ன அண்ணாச்சி, சாமி புத்தா? ஒருத்தரும் சொல்லவே இல்லையே!” என்று அவளும் கிள்ளினாள். அவளைப் பார்த்துச் சமையல் ஆட்கள், அவர்களைப் பார்த்து ஜெனரேட்டர் ஆள், வரிசையே நின்றுவிட்டது. “அது மரத்தூளு வே!” என்று நான் சொன்னதை யார் கேட்டார்கள்? சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் தோள் உயரப் புற்று இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது.

அசிஸ்டென்ட் டைரக்டர் ஒருவர் காலையில் புற்றை எடுத்த போட்டோவைத் தூக்கிக்கொண்டு, “யாரு கை வச்சது?” என்று குதித்தார். எல்லார் நெற்றியிலும் செம்மண் நிறம். “நீங்க யாரு? பாஸ் சண்முகையா பேர்ல இருக்கே?” என்று என்னிடம் கேட்டார். “கீழ கெடந்துது சார்” என்றேன். உன்னைக் காப்பாற்றத்தான் சொன்னேன் மாப்பிள்ள. அன்னக்கிளி விடுவாளா? “ஏன் அண்ணாச்சி பொய் சொல்லுதிய, சண்முகையா உங்க மச்சினன்தான?” என்று போட்டு உடைத்துவிட்டாள்.

நீ ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு மறுபடி வேலை தேடி அலைவது கண்முன்னே தெரிந்தது. அந்த நேரம் பார்த்து டைரக்டர் வந்தார். நேரே அவரிடம் போய், “ஐயா, முதல்ல தொட்டது நான். இதைக் கட்டுன என் மச்சினன் தொடாதியன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னான். என்னை வேணும்னா போலீஸ்ல பிடிச்சுக் குடுங்க, அவனை வேலைய விட்டு நிறுத்திராதிய” என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

அவர் புற்றைச் சுற்றி வந்தார். “புத்துமண்ணுக்குப் பேர்போன ஊர்க்காரங்களே ஏமாந்துட்டாங்கன்னா, கட்டினவன் கெட்டிக்காரன்யா. வந்ததும் அவனையே மறுபடி கட்டச் சொல்லுங்க. இனிமே புத்து வேலையெல்லாம் அவனுக்குத்தான்” என்றார். சொல்லிவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, அவரும் ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார். அப்பாடா! அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது. பஸ்ஸில் வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். வயிற்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இனி அந்தச் செட் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன், இது சத்தியம். உனக்கும் கோகிலாவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம். அம்மன் உங்களை ஒரு குறையும் இல்லாமல் வைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்
வெள்ளத்துரை

பி.கு.: கைக்குட்டையில் முடிந்ததை மறந்துபோய்ப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டேன். உன் அக்கா கோவில் மண் என்று நினைத்து முழங்காலில் தடவியிருக்கிறாள். ரெண்டு வருஷ வலி விட்டுப்போச்சுதாம். மரத்தூள் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. தெருவில் ஏழு பேர் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அங்கன செட்டுக்கு வாரேன். புதுப் புற்றைக் கட்டும்போது பின்பக்கம் மட்டும் ஒரு முழம் கூடுதலாக வைத்துக் கட்டு.