சம்பந்தி டீயும் என் பெட்டி படுக்கையும்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நீயும் மருமகளும் குழந்தைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள். நான் சௌக்கியமா என்று கேட்காதே. சௌக்கியமாக இருந்தால் ஏன் பேனாவைத் தொடப்போகிறேன்? போனில் சொல்லலாம் என்றால் உன் தங்கையின் மாமனார், அதுதான் நம் சம்பந்தி, அடுத்த அறையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சுருக்கமாகச் சொல்கிறேன்: வருகிற ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு வந்து என்னை உன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விடு. இந்த வீட்டில் இனி எனக்கு மரியாதை இல்லை. எல்லாம் டீயால் வந்த வினை.

உனக்குத் தெரியாததா, ஆயுசு முழுக்க பஸ் ஓட்டியவன் நான். டீ என்றால் தண்ணீரும் பாலும் தூளும் சர்க்கரையும் ஒன்றாகக் கொதித்து, பொங்கி, அடங்கி, மறுபடி பொங்க வேண்டும். குடித்தால் தூக்கம் ஓட வேண்டும். சம்பந்தியோ மருந்துக் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். அவர் டீ போடுவதைப் பார்த்தால் யாருக்கோ ஆபரேஷன் நடக்கிற மாதிரி இருக்கும். தண்ணீர் கொதி வந்ததும் அடுப்பை அணைப்பார், தெர்மாமீட்டரை விட்டுப் பார்ப்பார், தூளைத் தூவுவார், மூடி போடுவார், மூடிமேல் துண்டைச் சுற்றுவார், அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். "தூளைக் கொதிக்க விட்டா கசப்பு இறங்கிடும் சம்பந்தி"ன்னு எனக்கே பாடம். "கசப்பு இறங்கலைன்னா அது டீ இல்லை சம்பந்தி, தூள் நனைச்ச வெந்நீர்"னு நானும் விடலை. மாப்பிள்ளையிடம் நியாயம் கேட்டால், தன் அப்பா டீயைக் குடித்துவிட்டு "நல்லாயிருக்குப்பா" என்கிறார், என் டீயைக் குடித்துவிட்டு "நல்லாயிருக்கு மாமா" என்கிறார். தங்கமான பிள்ளைதான், ஆனால் எந்தப் பக்கம் என்றே தெரியாத பிள்ளை.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் வந்தது வம்பு. உன் தங்கை அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாள். சம்பந்தி துண்டைச் சுற்றிவைத்துவிட்டு பாத்ரூம் போயிருந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது. ஒரே ஒரு கொதி, அவருக்கே தெரியாமல் அவர் டீயையும் டீயாக்கிவிடலாம், குடித்துப் பார்த்துத் திருந்தட்டும் என்ற நல்லெண்ணத்தில் அடுப்பைப் பற்றவைத்தேன். துண்டின் நுனி தொங்கிக்கொண்டிருந்ததை யார் கண்டது? குப்பென்று பிடித்துக்கொண்டது. நான் ஐயையோ என்று கத்த, புகை மேலே போய், கூரையில் மாட்டியிருக்கிற அந்தப் புகை அலாரச் சனியன் அலற, அது அலறியதும் கட்டடமே சேர்ந்து அலற, ஜனங்களெல்லாம் செருப்புக்கூடப் போடாமல் படியிறங்கி ஓட, மாப்பிள்ளை ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து பாதியை அடுப்பிலும் பாதியை என் தலையிலும் கொட்ட, நான் தொப்பலாக நனைந்து நிற்கிறேன், உன் தங்கை எதிரே வந்து நிற்கிறாள். நான் போட்ட ஐயையோவை அவள் மேலதிகாரி முதற்கொண்டு அத்தனை பேரும் கேட்டார்களாம். அந்த நேரம் பார்த்து வெளியே வந்த சம்பந்தி கருகின துண்டையும் பார்க்கலை, நனைஞ்ச என்னையும் பார்க்கலை. சட்டியைத் திறந்து பார்த்துட்டு, "அடப்பாவமே, கொதிக்க விட்டுட்டீங்களே!"ன்னு தலையில கைவச்சுக்கிட்டார்.

இனிமேல் நாங்கள் இரண்டு பேருமே அடுப்புப் பக்கம் போகக்கூடாது என்று உன் தங்கை உத்தரவு. அதுகூடப் பரவாயில்லை. அன்று சாப்பிட உட்கார்ந்தபோது, என் முகத்தைப் பார்க்காமலே, "அப்பா, கொஞ்ச நாள் அண்ணன் வீட்டுல இருந்துட்டு வாங்களேன்" என்றாள். பெற்ற மகள்டா! சுருக்கென்று தைத்தது. உன் அம்மா போனதிலிருந்து இதுதான் என் வீடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சம்பந்தியாவது வாயைத் திறப்பார் என்று பார்த்தேன். மனுஷன் தட்டைவிட்டுத் தலையை நிமிர்த்தவே இல்லை. நானும் ரோஷக்காரன்தான், பெட்டியைக் கட்டிவிட்டேன்.

மருமகளுக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். எல்லோரும் நீண்ட ஆயுளோடும், நிறைந்த மனதோடும், நன்றாகக் கொதித்த டீயோடும் வாழவேண்டும்.

இப்படிக்கு,
ஞாயிற்றுக்கிழமையை எதிர்பார்த்து வாசலிலேயே உட்கார்ந்திருக்கும்
உன் அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஒரு விஷயம். இன்று விடிந்ததும் விடியாததுமாகச் சமையலறையில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் சம்பந்தி! ஜன்னலையெல்லாம் திறந்துவைத்து, பாலும் தூளும் சர்க்கரையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்க விட்டுக்கொண்டிருக்கிறார். டம்ளரை என் கையில் கொடுத்து, "உங்க பக்குவம்தான், குடிச்சுட்டுச் சொல்லுங்க. நீங்க போயிட்டா நான் யார்கிட்ட சண்டை போடறது சம்பந்தி?" என்றார். டீ படுமோசம். வாயில் வைக்க முடியவில்லை. இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன். சத்தம் கேட்டு எழுந்து வந்த உன் தங்கை என் டம்ளரைப் பிடுங்கி ஒரு வாய் குடித்து, முகத்தைச் சுளித்து, "மாமாவுக்கு ஒழுங்கா டீ போடச் சொல்லிக்கொடுக்காம நீங்க எங்கேயும் போகக்கூடாதுப்பா" என்றாள். அவர் கற்றுக்கொள்கிற லட்சணத்தைப் பார்த்தால் என் காலம் முடிகிறவரை ஆகும் போலிருக்கிறது. நீ ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம்.