நிலவேம்பும் மச்சினனும்

என் மச்சினன் கரியப்பன் எங்கள் வீட்டுக்குக் குடிவரக் கூடாது என்று முடிவு செய்தேன். என் மனைவியைக் கேட்காமல் நான் எடுத்த ஒரே முடிவு அதுதான். அதனால்தான் கொஞ்ச நாளாவது அது முடிவாக இருந்தது.

கரியப்பன் நல்லவன். பர்கூர் கிரானைட் குவாரியில் கல்லில் துளை போடுகிற வேலை. டிரில் மிஷின் பக்கத்திலேயே நின்று பழகியதால், உலகத்தில் யாருக்குமே காது கேட்காது என்பது போலப் பேசுவான். ஓசூரில் நின்று "மாமா, சௌக்கியமா?" என்று கேட்டான் என்றால், எல்லைக்கு அந்தப் பக்கம் ஆனேக்கல்லில் யாராவது "சௌக்கியம்" என்பார்கள். சந்தோஷம் வந்தால் முதுகில் தட்டுவான். கல் உடைத்த கை. எனக்கு அவன் வரும் போதெல்லாம் முதுகுதான் முதலில் ஞாபகம் வரும்.

குவாரித் தூசியில் அவனுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. மாத்திரைக்கும் நிற்கவில்லை, டானிக்குக்கும் நிற்கவில்லை. "இங்க ஏதாச்சும் கம்பெனியில சேத்துட்டு, பின்னறையில தங்க வெச்சுக்கலாங்க" என்று என் மனைவி முனிலட்சுமி சொல்லிக்கொண்டே இருந்தாள்.

எங்கள் வீட்டில் கூடம், அடுப்படி, பின்னறை. கூடத்தில் என் கட்டில். ஓசூர்க் குளிருக்குப் பயந்து முனிலட்சுமி அடுப்படியில் படுப்பாள். பின்னறை காலி. அதுதான் சிக்கல். காலி அறையை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்ன நியாயம் பேச முடியும்?

அந்த நேரத்தில் ருக்மணி மேடம் வந்து சேர்ந்தார்.

நான் சிப்காட்டில் வண்டிகளுக்கு உதிரிப் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் துரு பார்க்கிறவன். இரும்புப் பாகங்களை ஒரு பெட்டிக்குள் வைத்து, உப்புத் தண்ணீரைப் புகை மாதிரி அடித்து, துரு பிடிக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கம்பெனியில் சுகாதார வாரம் கொண்டாடினார்கள். கிருஷ்ணகிரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கும் ருக்மணி மேடம் கேண்டீனில் பேசினார்.

"இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி நம்ம உடம்பும் உள்ளுக்குள்ள கெட்டுப்போகுது. நாம சுவாசிக்கிற ஆக்சிஜனே அதுக்கு ஒரு காரணம். அதைத் தடுக்கிற சத்து செடிகொடிகள்ல நிறைய இருக்கு. அதுக்கு ஆன்ட்டி ஆக்சிடன்ட்னு பேரு."

நெல்லி, முருங்கை, துளசி, நிலவேம்பு, கரிசலாங்கண்ணி என்று சொல்லிக்கொண்டே போனார். கடைசியாக ஒன்று சொன்னார். "இலைகளை வெயில்ல காய வெச்சா சத்து வீணாயிடும். நிழல்ல, காத்தோட்டமான ஒரு அறையில, பரப்பி உலர்த்தணும்."

அறை!

மற்றவர்கள் எல்லாரும் உடம்பைக் காப்பாற்றும் எண்ணத்தோடு எழுந்து போனார்கள். நான் பின்னறையைக் காப்பாற்றும் எண்ணத்தோடு எழுந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் அறிவித்தேன். "முனிலட்சுமி, இனிமே நம்ம வீட்டுல எல்லாம் ஆன்ட்டி ஆக்சிடன்ட்தான்."

பக்கத்து வீட்டில் ஒரு பாத்திரம் விழுந்தது. வெங்கடம்மா ஓடி வந்தாள். மாலூர்க்காரி. அவள் பேச்சில் பாதி கன்னடம், காதில் மீதி.

"அய்யோ தேவரே! எந்த ஆன்ட்டிக்கு ஆக்சிடென்ட்?"

"ஆன்ட்டி இல்லீங்க. சத்து."

"செத்தே போயிட்டாங்களா!"

அவளைத் தேற்றி உட்கார வைத்து, உடம்புத் துருவை விளக்கிவிட்டு, விஷயத்துக்கு வந்தேன். "நாளைலேர்ந்து பின்னறை பூரா இலை பரப்பறோம்."

"சரி. கரியப்பன் வந்தா எங்க படுப்பான்?" என்றாள் முனிலட்சுமி.

"அதான் கஷ்டம். மனுஷன் மூச்சுல ஈரம் இருக்கு. ஒரு ஆளு ராத்திரி பூரா அங்க மூச்சு விட்டான்னா இலையெல்லாம் பூஞ்சை புடிச்சிடும். மேடம் கண்டிஷனா சொன்னாங்க."

மேடம் அப்படி எதுவும் சொல்லவில்லை.

முனிலட்சுமி "சரிங்க" என்றாள்.

அவள் அவ்வளவு சுலபமாக "சரிங்க" சொல்லி நான் கேட்டதில்லை. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். நான் விஞ்ஞானத்தின் வெற்றி என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரத்திலிருந்து விஞ்ஞானம் என் மேலேயே ஆரம்பித்தது. காலையில் டீ கேட்டால் நிலவேம்புக் கஷாயம் வந்தது. அதைக் குடித்தால் நாக்கு மட்டும் கசக்காது. காது கசக்கும். கம்பெனியில் யாராவது குட்மார்னிங் சொன்னால் அதுவும் கசக்கும்.

"டீ எங்க?"

"துரு பாக்கற ஆளுக்கே துரு புடிச்சா கம்பெனிக்குக் கேவலங்க. குடிங்க."

"டீத்தூள்லயும் அந்தச் சத்து இருக்குதாம்டி!"

"இருக்குது. பால் ஊத்தினா கொறைஞ்சிடுமாம். மேடம் சொன்னாங்களே." பால் இல்லாத டீ ஒன்று வந்தது.

மேடம் அதைச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் மேடம் சொல்லாத ஒன்றை நானும் சொல்லியிருந்ததால், மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இலை பறிக்கும் வேலை எனக்கு. சானமாவுக் காட்டுப் பக்கம் ஒரு தோட்டத்தில் நிலவேம்பு கிடைக்கிறது என்று மொபெட்டில் போனேன். பாதி மூட்டை கட்டும்போது தூரத்தில் யாரோ "ஆனெ! ஆனெ!" என்று கத்தினார்கள். அந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு எந்த மொழியிலும் விளக்கம் தேவையில்லை. வீடு வந்து சேர்ந்த பிறகுதான் மூட்டை வரவில்லை என்பது தெரிந்தது. அது கூடப் பரவாயில்லை. மொபெட்டும் வரவில்லை.

இதற்குள் வெங்கடம்மா காய்ந்த இலையில் முனிலட்சுமி இடித்த முருங்கைப் பொடியைச் சாப்பிட்டுவிட்டு, "சென்னாகிதே!" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். நன்றாகத்தான் இருந்தது, அதை மறுக்க முடியாது. காலனிப் பெண்கள் கிண்ணத்தோடு வர ஆரம்பித்தார்கள். எங்கள் சூபர்வைசர் சம்சாரம் கூட ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டாள்.

ஒரு நாள் சாயங்காலம் முனிலட்சுமி ஒரு கைப்பிடி கரிசலாங்கண்ணியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். வெள்ளையாகப் பூஞ்சை.

"இது எப்படி? அங்கதான் யாரும் மூச்சு விடறதில்லையே?" என்றேன்.

"திருப்பி விட ஆளில்லீங்க. நீங்க பகல் வேலை. நானும் ரோஜாக் கம்பெனிக்குப் பூக்கட்டப் போயிடறன். பகல்ல வீட்டுல ஒரு ஆளு வேணும்."

"வெச்சுக்கலாம்."

"ஆனா ராத்திரி இருக்கக் கூடாது. மூச்சு விட்டுடுவாங்க."

"ஆமா, அது முக்கியம்."

"பகல்ல இருக்கணும், ராத்திரி இருக்கக் கூடாது. அப்படி ஆளுக்கு நான் எங்கங்க போவன்?"

ஒரு கணக்கைக் கண்டால் விடை சொல்லாமல் இருக்க முடியாத புத்தி எனக்கு. "நைட் ஷிஃப்ட் ஆளா பாத்தா சரியா வரும்" என்றேன்.

"நெஜமாத்தான் சொல்றீங்களா?"

"இதுல என்ன பொய்யி?"

"கரியப்பனுக்கு நைட் ஷிஃப்ட்டுதாங்க கெடைச்சிருக்குது."

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். "எங்க?"

"உங்க கம்பெனியிலதான். சூபர்வைசர் சம்சாரம் சொல்லி வாங்கிக் குடுத்தாங்க. பாவம், நல்ல மனசு. நம்ம பொடி சாப்பிடறாங்க இல்ல?"

கரியப்பன் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினான். என் முதுகில் தட்டினான். சானமாவு போய் மொபெட்டைத் தேடிக் கொண்டுவந்தான். பக்கத்திலேயே மூட்டையும் கிடந்ததாம். யானை அதைத் தொடவில்லை. நிலவேம்பின் ருசி அதற்குத் தெரிந்திருந்தது.

பகலில் அவன் தூங்க இடம் வேண்டும். பின்னறையில் பகல் மூச்சும் மூச்சுதான் என்று நானே சொல்லிவிட்டேன். அதனால் என் கட்டில் அவனுக்கு. நான் காலையில் எழுந்து வேலைக்குப் போவேன்; அவன் வேலையிலிருந்து வந்து படுப்பான். கட்டிலும் இரண்டு ஷிஃப்ட் பார்த்தது. சாயங்காலம் நான் உட்காரும்போது அது வெதுவெதுப்பாக இருக்கும். பகல் தூக்கத்துக்கு நடுவில் அவன் எழுந்து இலையைத் திருப்பிவிட்டு, துளசியைத் தனியாக, நெல்லியைத் தனியாகப் பிரித்து வைப்பான். பூஞ்சை மறுபடி வரவில்லை.

அவன் இருமலும் மெல்ல மெல்ல நின்றது. குவாரியை விட்டதாலா, கஷாயத்தாலா, தெரியாது. ஒரு சாயங்காலம் அவன் சாப்பிட்டு முடித்து, இருமாமல் எழுந்து கை கழுவப் போனான். முனிலட்சுமி அவன் போன திசையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழம்புக் கரண்டி கையிலேயே இருந்தது. அன்றைக்கு அவன் மேல் எனக்கு இருந்த கோபம் எங்கே போயிற்று என்று தேடினேன், கிடைக்கவில்லை. ஆனால் கட்டில் என் கட்டில்தான் என்பதில் உறுதியாக இருந்தேன்.

பிறகு கம்பெனியில் அவனைப் பகல் ஷிஃப்ட்டுக்கு மாற்றிவிட்டார்கள். சாயங்காலம் என்னோடு ஒரே பஸ்ஸில் வீட்டுக்கு வந்தான். ஆள் இரண்டு. கட்டில் ஒன்று.

எனக்குக் கவலையே இல்லை. "பாவம், வெளியில ஏதாச்சும் ரூம் பாக்க வேண்டியதுதான். பின்னறையில படுக்க முடியாது பாரு. மூச்சு" என்றேன்.

முனிலட்சுமி போய்ப் பின்னறையில், முருங்கைக்கும் நிலவேம்புக்கும் நடுவில், ஒரு பாயை விரித்தாள். ஒரு தலையணையும் போட்டாள். அது என் தலையணை.

"அவன் கல்லு உடைச்ச முதுகுங்க. கட்டில் அவனுக்கு இருக்கட்டும். நீங்க இங்க படுத்துக்கோங்க."

"மூச்சு?"

"ஒண்ணும் ஆவாது. ஜன்னலைத் தெறந்து வெச்சா போதும்னு மேடம் சொன்னாங்க."

"எந்த மேடம்?"

"ருக்மணி மேடம்தான். கிருஷ்ணகிரி போயி அவங்களையே கேட்டேன்."

"எப்போ?"

"நீங்க வந்து சொன்னீங்க பாருங்க, அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை."

எனக்குத் தொண்டையில் கஷாயம் இல்லாமலே கசந்தது. "அப்பவே தெரியுமா? அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க வேற பொய்யி தேடியிருப்பீங்க. அது எப்படி இருக்குமோ, யாரு கண்டா? இது நல்ல பொய்யிங்க. அவனுக்கு வேலை வந்துச்சு, இருமல் போச்சு, தெருவே பொடி சாப்பிடுது. எதுக்குக் கெடுக்கணும்?"

நான் பாயில் படுத்தேன். அவள் ஜன்னலைத் திறந்து வைத்தாள். ஓசூர்க் குளிர் உள்ளே வந்து என் பக்கத்தில் படுத்தது. வாசற்படி வரை போனவள் நின்று திரும்பினாள். போர்வை தரப்போகிறாள் என்று நினைத்தேன்.

"புரண்டு படுக்கறப்போ அப்படியே அந்தப் பக்கத்து நிலவேம்பையும் கொஞ்சம் திருப்பி விட்டுடுங்க" என்றாள்.