வேகவைத்த ஆப்பிளும் பிதுக்கிய அவரையும்

“அவரை ஊறப் போட்டுட்டேன்டி. சாயந்திரம் உட்கார்ந்து பிதுக்கணும்.”

என் மனைவி பிரிஸில்லா போனில் தன் தங்கையிடம் இப்படிச் சொன்னதைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டேன். அப்புறம்தான் புரிந்தது, அவள் சொன்னது என்னை இல்லை, அவரைக்கொட்டையை. அதற்காக நிம்மதிப்படவும் வழியில்லை. பிதுக்க வேண்டியது நான்தான்.

பெங்களூரில் ஜனவரி என்றால் அவரைக்காய். பத்தொன்பது நாளாகச் சாம்பாரில் அவரை, உப்புமாவில் அவரை, ரொட்டியில் அவரை. சிவாஜிநகர் துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து தினம் தோல் பிதுக்கியதில் என் கட்டைவிரல் ரேகையே அழிந்துபோனது. கடையில் வருகைக்கு விரல் வைக்கிற மிஷின், ரெமிஜியஸ் என்று என் பேரில் யாருமே இல்லை என்கிறது.

இதற்கு அறிவியல் முறையில் முடிவு கட்டத் தீர்மானித்தேன். இரண்டு கிலோ ஆப்பிளோடு வீட்டுக்குப் போனேன்.

“பிரிசி, இனிமே நமக்கு வேகவெச்ச பழம்தான். அவரையவிட சத்து ஜாஸ்தி. போன்லயே போட்டிருக்கு.”

“அப்படியா! புரோட்டீன் எவ்ளோங்க?”

தேடினேன். “நூறு கிராமுக்கு… அரை கிராம்கூட இல்ல.”

“வெந்த அவரைல?”

“ஏழெட்டு.”

“நார்ச்சத்து?”

“அதுவும் அவரைலதான். ஆனா வைட்டமின் சி ஆப்பிள்ல இருக்கு!” துள்ளினேன்.

“வேகவெச்ச அப்புறமுமா?”

போனைச் சட்டைப்பையில் போட்டேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேள்வி கேட்டே பழகிய டீச்சர் அவள். என்னிடம் கடைசியாக ஒன்றுதான் மிச்சம்.

“பழம் வயித்துக்கு லேசு. அவரை வாயு.”

“அது வாஸ்தவம்ங்க” என்றாள்.

ஜெயித்துவிட்டேன்! கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை!

“நாளைலேர்ந்து உங்களுக்கு மூணு வேளையும் பழம். வாயு எனக்கே இருக்கட்டும். வயிறு லேசா இருந்தா கை நல்லா ஓடும், நீங்களே பிதுக்கிக் குடுத்துடுங்க.”

காலையில் ஆப்பிள் கூழ். மத்தியானம் டப்பாவில் ஆப்பிள் கூழ். கடையில் கூட வேலை பார்க்கும் அய்யாவு எட்டிப் பார்த்து, “இன்னா சார், உடம்பு சரியில்லையா?” என்றான். சாயந்திரம் நான் பிதுக்கிய அவரை என் கண் முன்னாலேயே சாம்பாராகி அவள் தட்டுக்குப் போனது.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அதற்குமேல் தாங்கவில்லை. “கொஞ்சம் நடந்துட்டு வரேன்” என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மாடிக்கு ஏறினேன். மேல்வீட்டு நோயல் தனிக்கட்டை.

“நோயலு, சாப்பிட எதுனா இருக்கா?”

“வா மச்சான், உட்காரு.”

ஆவி பறக்கும் சோறு. மேலே பிதுக்கிய அவரைச் சாம்பார்! மூச்சு விடாமல் சாப்பிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது.

“என்னா கைப்பக்குவம்டா உனக்கு! எங்க வீட்டு சாம்பார் இதுகிட்ட நிக்க முடியாது. அவகிட்ட மட்டும் சொல்லிடாத.”

“எனக்கு முட்டைகூட வேகவெக்கத் தெரியாதுப்பா. பிரிஸில்லாதான் கொண்டாந்து குடுத்துது. ‘அவரு வருவாரு, சூடு பண்ணிப் போடுங்கண்ணா’ன்னு சொல்லிச்சு.”

கவளத்தைத் தட்டில் வைத்தேன். “எத்தினி மணிக்கு?”

“நாலு மணிக்கு.”

மாடி ஏறலாம் என்று எனக்குத் தோன்றியதே ஐந்தரை மணிக்குத்தான்.